செத்தவன் நம்பர்

மாரியாயி இரண்டு கைகளையும் விரித்தபடி காப்பார் ரோட்டின் நட்டநடுவில் போய் நின்றாள். மணல் ஏற்றி வந்த லோரி கிறீச்சென்று அலறி, அவள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது.

டிரைவரின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது. "என்னக்கா, சாவறதுக்கு என் லோரிதான் கெடச்சுதா? காலைலதான் எலுமிச்சம்பழம் வச்சு பூச போட்டேன்."

"ஒரு ஆளப் பாத்தீங்களா தம்பி? பச்ச சட்ட. ஒசரமா இருப்பாரு. வலது கால இழுத்து இழுத்து நடப்பாரு."

"வண்டி ஓட்டறவன் ரோட்டப் பாப்பானா, நடக்கறவன் காலப் பாப்பானா? ஓரமா போங்கலா அக்கா."

லோரி போய்விட்டது. சனிக்கிழமை மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் ஸ்டாப் டீக்கடை, முடி வெட்டுகிற கடை, கோயில் மண்டபம் என்று எல்லா இடத்திலும் கேட்டாயிற்று. அவள் புருஷன் நாகையாவை யாரும் பார்க்கவில்லை.

பெரிய மனுஷன் ஒருவன் அரை நாள் வீட்டில் இல்லாததற்கா இந்த ஓட்டம் என்று கேட்டால், மாரியாயியிடம் பதில் இருந்தது. சனிக்கிழமை நம்பர் குலுக்குகிற நாள். நாலு இலக்கம் எழுதிக் காசு கட்டினால், சாயந்திரம் அதிர்ஷ்டம் கதவைத் தட்டும் என்று கிள்ளான் ஊரே கடை வாசலில் வரிசை பிடித்து நிற்கும் நாள். அம்மை போட்டிருந்தாலும், அடைமழை கொட்டினாலும், பெற்ற மகள் கல்யாண மேடையில் உட்கார்ந்திருந்தபோதும் நாகையா அந்த வரிசையை விட்டதில்லை. இன்று அவள் கேன்டீன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், நம்பருக்கென்று அவன் எடுத்து வைத்திருந்த காசு முருகன் படத்துக்கு அடியில் மடித்து வைத்தபடி இருந்தது. குடிகாரன் கிளாசைக் கவிழ்த்து வைத்தால் சாமிக்குத் தேங்காய் உடைக்கலாம். சூதாடி காசைத் தொடாமல் போனால்?

பின்கட்டுக்கு ஓடிப் பார்த்தாள். புல்லுக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்து டின் இருந்த இடம் காலியாக இருந்தது. அப்போது பிடித்த ஓட்டம்.

பின்னால் ஹோண்டா ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. அய்யாவு. நாகையாவோடு ஒரே பட்டாளத்தில், ஒரே செக்‌ஷனில், வட எல்லைக் காட்டில் கிடந்தவன். நாகையா கோப்ரல், அய்யாவு சிப்பாய். சட்டையைக் கழற்றி வருஷக்கணக்கில் ஆகியும், நாகையா உட்காரச் சொன்னால்தான் அய்யாவு உட்காருவான்.

"என்ன தங்கச்சி, இப்படி வெறி புடிச்ச மாதிரி ரோட்டுல நிக்கற?"

சொன்னாள். காசு, மருந்து டின், எல்லாம் சொன்னாள். அய்யாவு உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான்.

"நான் அந்தப் பழைய ரப்பர் பொகக்கூடத்துக்குப் போய்ப் பாக்கறேண்ணே. நீங்க எல்லாம் உக்காந்து நம்பர் பேசற எடம். எஸ்டேட்டு மூடுன பெறகு அங்க வேற யாரும் போறதில்ல."

"அங்கயிருந்துதான் வரேன். யாருமில்ல. காத்துதான் அடிக்குது."

"அப்ப போலீசுல சொல்லிருவோமா?"

"பைத்தியமா ஒனக்கு? தானே சாவப் பாத்தான்னு போலீசுக்குத் தெரிஞ்சா, பொழச்சாலும் கேஸ். ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்து நேரா லாக்கப். அவன் மானத்த வாங்கணுமா? ஏறு வண்டில. நம்மளே தேடுவோம்."

ஏறினாள். அந்த நேரத்தில் அவளுக்கு அய்யாவு தெய்வமாகத் தெரிந்தான்.

ரயில் ஸ்டேஷனில் தேடினார்கள். கோத்தா பாலத்தில் வண்டியை நிறுத்தி, சேற்று நிறத்தில் ஓடிய ஆற்றை எட்டிப் பார்த்தார்கள். ஏதோ ஒன்று பச்சையாக மிதந்து வந்தபோது மாரியாயிக்கு உயிரே இல்லை. வாழையிலைக் கட்டு. தெங்கு கிளானா ரோட்டுப் பூக்கடைகளில் விசாரித்தார்கள். நம்பர் கடை வாசலில் வரிசை சாலை முனை வரை வளைந்து நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அத்தனை முகத்திலும் அவள் புருஷன் முகத்தில் தினம் பார்க்கிற அதே பசி. முகம் மட்டும் அவனுடையதில்லை.

இந்தப் பசி எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் செக்‌ஷனில் விஜயன் என்று ஒருவன். காட்டில் துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பி வந்தவன், வேலையை விட்டு வந்த வருஷமே காப்பார் ரோட்டில் கார் மோதிச் செத்தான். அந்த வாரம் நாகையா செத்தவனுக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று விஜயனின் ராணுவ நம்பரில் கடைசி நாலு இலக்கத்தைப் போட்டான். முதல் பரிசு விழுந்தது. டிவி வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது, கடைசியில் சனியனும் வந்தது. "நம்ம செக்‌ஷன்காரன் கெட்ட சாவு செத்தா அவன் நம்பர் கட்டாயம் விழும்லா. பட்டாளத்தான் கூட்டாளியக் கைவிட மாட்டான்" என்று நாகையா சத்தியம் செய்யாத குறை.

அதற்கப்புறம் எந்த முன்னாள் சிப்பாய் செத்தாலும் ஒரு கூட்டம் மாலையோடு போகும். மாலையைப் போடுவதற்கு முன்னால் தாலியறுத்தவளிடம், "அம்மா, அண்ணனோட பட்டாள நம்பர் என்னாது?" என்று கேட்கும். அதிலும் அவசரம். செய்தி பரவி ஊரே அந்த நம்பரைப் போட ஆரம்பித்தால், கடைக்காரன் 'ஃபுல்', இனி இந்த நம்பருக்குக் காசு வாங்க முடியாது என்று கை விரித்துவிடுவான். முந்தியவனுக்குத்தான் சாவு.

விஜயனுக்கு அப்புறம் ஒருத்தன் நம்பரும் விழவில்லை. பென்ஷன் கிடைக்கிற அளவுக்கு சர்வீஸ் இல்லாமல் வந்த நாகையாவுக்குக் கையில் கிடைத்தது ஒரு மொத்தத் தொகை. அது போயிற்று. அப்புறம் மாரியாயியின் நகை. அப்புறம் மகளின் தோடு, அவள் பிள்ளைப்பேறுக்கு வந்திருந்தபோது தலையணைக்கு அடியிலிருந்து. அன்றிலிருந்து மகள் வாசல்படி மிதிக்கவில்லை. அய்யாவு கதை இன்னும் மோசம். அவன் பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு டெங்கில் பக்கம் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

"இங்க இல்ல தங்கச்சி" என்றான் அய்யாவு. "பிரிக்பீல்ட்ஸ் போயிருப்பான். பழனியப்பனப் பாக்க."

"அவ்ளோ தூரமா? பஸ்சுக்குக்கூட காசு எடுத்துக்கிட்டுப் போவலியேண்ணே."

"பட்டாளத்தான் நெனச்சா நடந்தே போவான்."

அறிவு வேண்டாம் என்றது. ஆனால் நம்பிக்கை முந்திக்கொண்டது. உயிரோடு இருப்பான் என்று சொல்கிற எந்தப் பொய்யையும் அவள் அன்று நம்பத் தயாராக இருந்தாள்.

ஃபெடரல் ஹைவேயில் ஹோண்டா ஓரம் பிடித்து ஊர்ந்தது. பஸ்சும் லோரியும் காற்றை அறைந்துவிட்டுப் போயின.

"கொஞ்சம் வேகமா போங்கண்ணே."

"பழைய வண்டி. வெரட்டுனா படுத்துக்கும்."

பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசை ஒன்றின் முன்னால், அஞ்சடி நடைபாதையில் பழனியப்பன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அதே செக்‌ஷன்காரன். நம்பர் பைத்தியம் பிடிக்காமல் தப்பிய ஒரே ஆள். மாரியாயியைக் கண்டதும் சிரித்தான்.

"வாம்மா. என்னடா அய்யாவு, நாகையா பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தற? அவன் பாத்தா ஒனக்குப் பனிஷ்மென்ட் டிரில்தான்."

"அவரு இங்க வந்தாராண்ணே?" என்றாள் மாரியாயி.

அந்தக் குரலிலேயே பழனியப்பனின் சிரிப்பு அவிந்தது. "இன்னிக்கு வரலியேம்மா. போன வாரம் வந்தான். டீ வாங்கிக் குடுத்தேன். 'பழனி, நம்ம செக்‌ஷன்ல மிச்சம் இருக்கறது மூணே பேரு. அடுத்து என் நம்பருதான். மறக்காம போட்டுரு'ன்னான். நான் கேலி பண்ணுனேன். 'போடா, ஒன் மூஞ்சிக்கு ஆறுதல் பரிசுகூடத் தேறாது'ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் யாருடைய வெள்ளைச் சட்டையோ கருகி நாறியது. அவன் அதைத் தூக்கவில்லை.

"அய்யாவு. அந்தப் பொகக்கூடத்துல பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"உள்ள போய்ப் பாத்தியா?"

"பாத்துட்டேங்கறேன்ல. எத்தன வாட்டி கேப்ப?"

பழனியப்பன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பின்பு மாரியாயியிடம், "போம்மா. சீக்கிரம் வீட்டுக்குப் போ. நான் கடையச் சாத்திட்டுப் பின்னாலேயே பஸ் புடிச்சு வரேன்" என்றான்.

திரும்பும் வழியில் பங்சார் தாண்டியதும் ஹோண்டா நின்றுபோனது. அய்யாவு இறங்கி பிளக்கைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான். ஊதினான். மறுபடி துடைத்தான். மாரியாயிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

"ஒரு பிளக்க எத்தன தடவண்ணே தொடைப்பீங்க?"

"கரி புடிச்சிருக்கு."

பிளக் பளபளவென்றிருந்தது. அவன் விரல்கள்தான் நடுங்கின. தன் புருஷனுக்காக இந்த மனுஷன் இப்படி நடுங்குகிறானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஷா ஆலாம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக ஒதுங்கி நின்றார்கள். அய்யாவும் ஒதுங்கினான்.

"நனஞ்சா கரஞ்சா போயிருவோம்? எடுங்கண்ணே வண்டிய."

"ரோடு வழுக்குது தங்கச்சி. ரெண்டு பேரும் லோரிக்கு அடில போயிட்டா அவன யாரு தேடறது?"

பக்கத்தில் நின்ற இளவட்டம் ஒருவன், "அங்கிள் சொல்றது கரெக்ட் ஆன்டி. போன மாசம் இங்கதான் ஒருத்தன் சறுக்கிப் போனான். அவன் பைக் நம்பரு மூணாம் பரிசு" என்றான், வானிலை சொல்வதுபோல. யாரோ சிரித்தார்கள். மாரியாயி காதைப் பொத்திக்கொண்டு தூணில் சாய்ந்தாள். இந்த நாட்டில் ஒரு மனுஷன் மனுஷனாகச் சாகக்கூட வழியில்லையா?

மழை விட்டு அவர்கள் கிள்ளானுக்குள் நுழைந்தபோது கடைகளில் விளக்கு எரிந்தது. நம்பர் கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. வெளியே கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிப் போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அய்யாவு வண்டியை நிறுத்தினான்.

மாரியாயிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. "எதுக்கு நிக்கறீங்க?"

அவன் வண்டியை விட்டுக்கூட இறங்கவில்லை. கால்களை ஊன்றியபடி பலகையை மேலிருந்து கீழாகப் படித்தான். முதல் பரிசு, இரண்டாவது, மூன்றாவது. பிறகு சிறப்புப் பரிசுகள். பிறகு ஆறுதல் பரிசுகள். அவன் உதடுகள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் அசைந்தன. படித்து முடித்துவிட்டு மறுபடியும் மேலே போனான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துச் சாக்கடையில் போட்டான். அந்தச் சில நிமிஷத்தில் அவன் முகம் கிழடு தட்டிவிட்டது.

"தங்கச்சி" என்றான், அவளைப் பார்க்காமலே. "எதுக்கும் பொகக்கூடத்த இன்னொரு தடவ பாத்துரலாம்."

மத்தியானத்திலிருந்து ஓடிய கால், அலைந்த மனம், எல்லாம் அவளுக்கு அந்த இடத்தில் நின்றுபோயின. அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டால் வண்டி தாமதமாகும்.

இந்த முறை ஹோண்டா பறந்தது. பழைய வண்டிக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ.

அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான் அந்த இடம். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்த பழைய கட்டடம். ஜன்னல் கிடையாது. கனத்த பலகைக் கதவு ஒன்றுதான். மாரியாயி ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தடவிப் பார்த்தாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருந்தது.

உள்ளே இருக்கிற மனுஷன் வெளியே தாழ்ப்பாள் போட முடியாது.

இழுத்துத் திறந்தாள். கதவோடு சேர்ந்து ஏதோ ஒன்று சரிந்து அவள் காலில் விழுந்தது. நாகையாவின் கை.

அவள் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உடம்பில் சூடு இன்னும் போகவில்லை. "ஏங்க, ஏங்க" என்று கன்னத்தில் தட்டினாள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மார்பில் காது வைத்தாள். தன் நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆயுசு குறையும் என்று கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்டதில்லை. இப்போது "நாகையா" என்று கூப்பிட்டாள். அதற்கும் அவன் எழுந்திருக்கவில்லை.

சத்தம் கேட்டுக் கம்பத்து வீடுகளிலிருந்து ஆட்கள் டார்ச் லைட்டோடு ஓடி வந்தார்கள். ஒருவன் ஆம்புலன்சுக்குப் போன் பண்ண ஓடினான். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ மெதுவாக இன்னொருவனிடம் கேட்பது அவள் காதில் விழுந்தது. "பட்டாளத்துல இருந்தவருல்ல? நம்பர் என்னாவாம்?"

டார்ச் வெளிச்சம் கட்டடத்துக்குள் போயிற்று. உட்கோடியில் அவர்கள் உட்கார்ந்து பேசுகிற பெஞ்சு கிடந்தது. அதன் பக்கத்தில் மருந்து டின். அங்கிருந்து வாசல் வரைக்கும் தரைத் தூசியில் நீளமாக ஒரு தடம். ஊர்ந்து வந்த தடம்.

மாரியாயி அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். அய்யாவு கதவோரத்தில் கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டு, பட்டாளத்தில் நிற்கிற மாதிரி நின்றான்.

"நீங்கதான் தாழ்ப்பாளப் போட்டீங்க."

"அவந்தான் போடச் சொன்னான், தங்கச்சி." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "காலைல வரச் சொல்லியிருந்தான். நான் வரும்போதே குடிச்சு முடிச்சிருந்தான். 'அய்யாவு, என்கிட்ட வைக்கறதுக்கு வேற ஒண்ணுமில்லடா. என் நம்பரப் போடு. இருக்கற காசெல்லாம் போடு. விழுந்ததும் பாதி மாரிக்கு, பாதி ஒனக்கு. ஒன் பொண்டாட்டி புள்ளயப் போய்க் கூட்டிக்கிட்டு வா. குலுக்கற வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஊரே போட்டு ஃபுல் ஆக்கிருவானுங்க. யாராச்சும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி நான் பொழச்சிட்டா நம்பர் விழாது. வெளிய சாத்திட்டுப் போ. இது ஆர்டரு'ன்னான். கோப்ரல் ஆர்டரு தங்கச்சி. காட்டுல அவன் சொன்னதக் கேட்டதுனாலதான் நான் உசுரோட வந்தேன்."

"அதனாலதான் என்னைய ஊரெல்லாம் சுத்த வச்சீங்க."

அவன் தலை குனிந்தான்.

"சரி. அவரு ஆர்டரு போட்டாரு. நீங்க கேட்டீங்க." மாரியாயியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புருஷனின் விரல்களை விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் மரச்சிலாம்பு. "சாவணும்னு நெனச்ச மனுஷன் எதுக்குண்ணே கதவுகிட்ட வந்தாரு?"

அய்யாவு தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் தாழ்ப்பாளப் போட்டு வண்டிகிட்ட போயிட்டேன் தங்கச்சி. அப்பத்தான் உள்ளேருந்து தட்டுனான். 'அய்யாவு, வேணாண்டா, தொறடா. மாரியக் கூப்புடு'ன்னான். ரெண்டு தடவ சொன்னான். எனக்கு நல்லா கேட்டுச்சு. கேக்காத மாதிரி வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன்."